ஊருணி வற்றிய மாதங்கள்

பம்புசெட் கடையில் கயிறு வாங்கினேன்,
மோட்டாரைக் குழிக்குள் இறக்குகிற நீலக் கயிறு.
"எத்தனை அடி போர்?" என்றார் கடைக்காரர்.
"குதிரைக்கு" என்றேன்.
மீட்டர் பதினாலு ரூபாய், ஏழு மீட்டர்.
மீதிச் சில்லறையைத் தரும்போதும்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிவாளமே வேண்டாம் என்று
செல்போனில் ஒருத்தி சொல்லியிருந்தாள்,
எந்த நாட்டுக்காரியோ, பச்சைப் புல்லில் நின்று.
அவள் விற்கிற தலைக்கயிற்றின் விலை
என் சம்பளத்தில் பாதி.
நிறுத்தி நிறுத்திப் பார்த்து
முடிச்சுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
பள்ளத்தூர் மருந்துக் கடையில்
பில் போடாத நேரமெல்லாம்
மேசைக்கடியில் விரல்கள் முடிந்து அவிழ்க்கும்.
"இருமல் மருந்து கேட்டேம்மா" என்பார்கள்.

குதிரை முத்தலிபு ராவுத்தருடையது.
பதினோரு வருஷம் மாப்பிள்ளைகளைச் சுமந்தது.
வெள்ளை என்று சொல்லித்தான் விற்றார்;
கழுவினால் சாம்பல்.
"அடிக்காம ஆடாது. ஆடாட்டித் தீனி இல்ல,
ரெண்டு பேருக்கும்தான்" என்றார்.
பொய் சொல்கிற முகமில்லை.
முள் வைத்த கடிவாளத்தையும் சும்மாவே தந்தார்.
அதைப் பழைய இரும்புக்குப் போட்டதில்
ஒரு நாள் தவிடு ஆயிற்று.

அறுபதடியில் வட்டத் திடல் வேண்டுமாம்,
மரச்சட்டம் அடித்து.
கொத்தமங்கலத்தில் குளிக்கிற ஊருணி
பங்குனியிலேயே வற்றிவிட்டது.
நாலு பக்கமும் செம்புறாங்கல் சுவர்,
அடியில் வெடித்த வண்டல்.
சதுரம்தான். மூலைகளில்
தென்னை மட்டை அடுக்கி வளைத்தேன்.
லத்தியை அன்றன்றே அள்ளிவிட வேண்டும்,
அது ஒன்றுதான் வாடகை.

முதல் நாள் கை தட்டினேன், நடக்கட்டும் என்று.
அது ஆடியது.
முழங்கால் மடக்கி, கழுத்தை வளைத்து,
இடம் வலம், இடம் வலம்,
மேளமில்லாத மண்ணில்
யாரும் ஏறாத முதுகோடு.
கயிற்றைக் கீழே போட்டேன்.
இன்னும் வேகமாக ஆடியது.
என்ன செய்வதென்று தெரியாமல்
முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.
வெகுநேரம் கழித்து அது நின்றதைக்
காதால்தான் அறிந்தேன்.

விரலால் கேட்க வேண்டும்.
அது அரை அடி நகர்ந்ததும்
விரலை எடுத்துவிட வேண்டும்,
அந்த நொடியே.
கொஞ்சம் பிந்தினாலும் பொய்யாகிவிடும்.
கல்லாவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும்
இவ்வளவு சரியாக யாருக்கும்
மீதி கொடுத்ததில்லை நான்.

வைகாசி போனது. ஆனி போனது.
குளம்பு ராவ ஆசாரியிடம் அரம் இரவல்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும்.
ஒருநாள் கடை அலுப்பில் கயிற்றைச் சுண்டினேன்;
மறுநாள் காலை முதல் நாளாகிவிட்டது.
"ஏறினியா?" என்றார் என் கொழுந்தன்.
இல்லை.
"பின்னே?"
பக்கத்தில் நடக்கிறது.
"அதுக்கா இருபத்திரண்டாயிரம்?"

ஆவணி முகூர்த்தம்.
மேல்கரை ரோட்டில் பேண்டு வாத்தியம் வந்தது.
அதன் முன்னங்கால் எழுந்தது.
என் கை கயிற்றில் இறுகியிருந்ததைப்
பிறகுதான் பார்த்தேன்.
பார்த்து, விட்டேன்.
கால் அந்தரத்திலேயே இருந்தது.
ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.
மெல்லக் கீழே வைத்தது.
உதட்டை நக்கிக்கொண்டது.
ஒரு காது ரோட்டுக்கு, ஒரு காது எனக்கு.
மாப்பிள்ளை காரில் போனான்.

ஐப்பசியில் ஒரே ராத்திரியில்
ஊருணி நிறைந்துவிட்டது.
மட்டைகள் மிதக்கின்றன.
எங்கள் திடலுக்கு மேல்
பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள்.

ராவுத்தருக்குக் கடைசித் தவணை பாக்கி.
கோட்டையூருக்கு நடந்தே போகலாமென்று இருக்கிறேன்,
குதிரைக்கு பஸ்ஸில் டிக்கெட் கிடையாது.
அவர் வாசலைக் கண்டதும்
இது என்ன செய்யுமோ தெரியவில்லை.
நாலாயிரத்தை மடித்துப் பையில் வைத்தாயிற்று.
ஏழு மீட்டர் கயிறு,
அதில் ஆறு மீட்டர்
தரையில்தான் கிடக்கிறது.